பட்டமும் பணமும் காக்காத உடல்

அமெரிக்காவில் இரண்டு பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். ஒருவர் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண். மற்றவர் பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண். இவர்களில் யாருடைய உயிருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், படிக்காதவருக்குத்தான் என்று நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்வோம். படிப்பு வந்தால் வேலை வரும், வேலை வந்தால் காப்பீடு வரும், நல்ல மருத்துவமனை வரும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2007 முதல் 2016 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கணக்கைக் கவிழ்த்தது. கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டுக்குள்ளோ கர்ப்பம் தொடர்பான காரணங்களால் இறப்பவர்களின் விகிதம், பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களிடையே, பள்ளிப் படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைப்போல் 1.6 மடங்காக இருந்தது. சமமாகப் படித்த வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் 5 மடங்குக்கும் மேல். எல்லாக் கல்வி நிலையினரையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி 3 மடங்கு சொச்சம்தான். அதாவது, படித்தவர்கள் நடுவில் இடைவெளி சுருங்கவில்லை, கூடியிருக்கிறது.

வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர முடியாமல் செய்வது இந்த ஒரு புள்ளிவிவரம். வறுமை நோயைக் கொண்டுவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமை நீங்கிய பிறகும் நீங்காத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. அது மரபணுவில் இல்லை, அந்தப் பெண்களின் பழக்கவழக்கத்திலும் இல்லை. நிறத்தை வைத்து ஒருவரை அளக்கும் சமூகத்தில் நாள்தோறும் வாழ்வதே உடலைச் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது. அப்படிக் கெட்ட உடலோடு மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் அதே அளவுகோல் காத்திருக்கிறது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் சான்றுகள் இந்த முடிவுக்கே இட்டுச்செல்கின்றன என்பது என் வாதம். இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எல்லாம் அற்பமானவை அல்ல. அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ். பதின்ம வயதில் தாயாவதுதான் கறுப்பினக் குழந்தைகளின் மரணத்துக்குப் பெரிய காரணம் என்று 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் எல்லோரும் நம்பினார்கள். ஜெரோனிமஸ் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார். வெள்ளையினப் பெண்களிடையே எதிர்பார்த்தபடியே இருபதுகளில் பிள்ளை பெற்றவர்களின் குழந்தைகள் நன்றாகப் பிழைத்தன. கறுப்பினப் பெண்களிடையே தலைகீழ்: பதின்ம வயதுத் தாய்மாரின் குழந்தைகளைவிட இருபதுகளில் இருந்த தாய்மாரின் குழந்தைகளே அதிகமாக இறந்தன. பெண்ணின் உடல் நல்ல வலுவோடு இருக்க வேண்டிய வயதில், அது ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1992-ல் இதை ஒரு கருதுகோளாக அவர் வெளியிட்டார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பாறை அரிக்கப்படுவதுபோல, ஒதுக்கப்பட்ட மக்களின் உடல் காலத்துக்கு முந்தியே மூப்படைகிறது என்பது அதன் சாரம். அப்போது பலர் இதை ஏற்கவில்லை. பதின்ம வயதுக் கர்ப்பத்தை ஆதரிக்கிறார் என்றுகூடக் குற்றம் சாட்டினார்கள். சிறுமிகள் தாயாக வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இளம் வயதிலேயே ஒரு பெண்ணின் உடல் ஏன் மூப்படைந்த உடலைப்போல் நடந்துகொள்கிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

உடலுக்குள் நடப்பது இதுதான். ஆபத்து வந்தால் மூளை அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் பாய்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சேமிப்பில் இருக்கும் சர்க்கரை வெளியே வருகிறது, செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் ஒத்திவைக்கப்படுகின்றன. துரத்தும் நாயிடமிருந்து தப்பி ஓட இது அருமையான ஏற்பாடு. சில நிமிடங்களில் ஆபத்து விலகும், உடலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் ஆபத்து விலகாமல், அல்லது எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில் வருடக்கணக்கில் நீடித்தால், காக்க வந்த சுரப்புகளே கேடு செய்யத் தொடங்குகின்றன. ஓயாத அழுத்தத்தால் இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து விறைக்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இன்சுலின் சொல்வதை உடல் கேட்க மறுக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குழம்பி, உடலெங்கும் மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது. இரவில் தூங்கும்போது இயல்பாக இறங்க வேண்டிய இரத்த அழுத்தம் இறங்குவதில்லை. கர்ப்ப காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தாயின் கார்ட்டிசால் கூடினால், பிரசவ நேரத்தைத் தீர்மானிப்பதில் பங்குள்ள ஒரு ஹார்மோனை நஞ்சுக்கொடி அதிகமாகச் சுரக்கிறது. குறைப்பிரசவத்துக்கு அது வழிவகுக்கலாம். ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் 1990-களில் இந்த மொத்தச் சேதத்தையும் அளந்து பார்க்கக்கூடிய ஒரு கருத்தாக்கமாக வகுத்தார். உடலின் அழுத்தச் சுமை என்று அதைச் சொல்லலாம்.

ஜெரோனிமஸின் கருதுகோளும் மெக்யூவனின் அளவுகோலும் 2006-ல் சந்தித்தன. அமெரிக்க அரசு நாடு முழுவதும் நடத்தும் உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து, 18 முதல் 64 வயது வரையிலான மக்களின் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, அழற்சிக் குறியீடு எனப் பத்து அளவுகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை அளவுகள் ஆபத்து எல்லையில் இருக்கின்றன என்று ஜெரோனிமஸும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டார்கள். இளம் வயதில் இனங்களிடையே வேறுபாடு குறைவு. வயது ஏற ஏறக் கறுப்பினத்தவரின் சுமை வேகமாகக் கூடுகிறது. எல்லாப் பிரிவுகளிலும் கறுப்பினப் பெண்களுக்குத்தான் சுமை அதிகம். வறுமையில் இல்லாத கறுப்பினப் பெண்களின் சுமை, வறுமையில் வாடும் வெள்ளையினப் பெண்களின் சுமையைவிடக் கூடுதலாக இருந்தது. பிறக்கும்போதே உடல் பழுதாக இருந்தால் வேறுபாடு தொடக்கத்திலிருந்தே தெரிய வேண்டும். அப்படியில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது என்றால், வாழும் வாழ்க்கைதான் அதைச் சேர்க்கிறது.

அப்படி என்ன வாழ்க்கை? இனவெறி என்றதும் நம் மனத்தில் எழுவது கொளுத்தப்பட்ட சிலுவையும், கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தும் காவலரும்தான். உடலை அரிக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி இதைவிடச் சிறிய, செய்தியாகாத நிகழ்வுகளிலிருந்து வருகிறது. சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸ் 1997-ல் உருவாக்கிய வினாப்பட்டியல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. மற்றவர்களைவிட உங்களிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்கிறார்களா, உணவகத்திலும் கடையிலும் உங்களைக் கடைசியாகக் கவனிக்கிறார்களா, உங்களுக்கு அறிவு குறைவு என்பதுபோலப் பேசுகிறார்களா, உங்களைக் கண்டு பயப்படுகிறார்களா என்பன போன்ற எளிய கேள்விகள் அவை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தள்ளிவிட்டுப் போகக்கூடியதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும், இது என் நிறத்தால் நடந்ததா அல்லது அவர் எல்லோரிடமும் இப்படித்தானா என்று மனம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டியே தயாராக வேண்டியிருக்கிறது. நிகழ்வு நடக்காத நாளிலும் இந்தக் காவல் ஓய்வதில்லை. சுரப்பிகளுக்கு நிகழ்வும் எதிர்பார்ப்பும் ஒன்றுதான். படித்து முன்னேறிய பெண்ணுக்கு இது குறைவதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அலுவலகக் கூட்டத்தில் ஒரே கறுப்பினப் பெண்ணாக உட்காருபவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு முகக்குறிப்பும் தேர்வாகிவிடுகிறது. பட்டம் ஏன் காக்கவில்லை என்பதற்கு ஒரு பகுதி விடை இதிலிருக்கிறது.

இன்னொரு பகுதி விடை, அந்தப் பெண்கள் எதற்காகப் புகழப்படுகிறார்களோ அதில் இருக்கிறது. எதற்கும் கலங்காத வலிமையானவள் என்பது கறுப்பினப் பெண்ணுக்கு அமெரிக்கா சூட்டிய பட்டம். அவர்களுடைய சமூகமும் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டது. நோய்ப்பரவல் ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் 1980-களில் வட கரோலினாவின் கறுப்பின உழைப்பாளிகளை ஆராய்ந்தபோது, தடைகளை மன உறுதியால் மட்டுமே வென்றுவிட முடியும் என்று நம்பி ஓயாமல் போராடியவர்களில், கையில் வசதியும் படிப்பும் குறைந்தவர்களிடையே இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதைக் கண்டார். செரில் வுட்ஸ்-கிஸ்காம்பே 2010-ல் கறுப்பினப் பெண்களிடம் நேரடியாகப் பேசி எழுதிய ஆய்வு இதையே பெண்களின் வாழ்க்கையில் காட்டியது: உணர்ச்சியைக் காட்டக் கூடாது, உதவி கேட்கக் கூடாது, தனக்கு முன்னால் பிறரைக் கவனிக்க வேண்டும் என்ற கட்டாயம், தூக்கத்தையும் உடலையும் தின்கிறது. வலிமை அவர்களைத் தப்பிக்க வைத்தது உண்மை. அந்த வலிமைக்கு உடல் விலை கொடுத்ததும் உண்மை. 2014-ல் நியூயார்க் காவலர் ஒருவர் கழுத்தை நெரித்ததில் இறந்த எரிக் கார்னரின் மகள் எரிக்கா கார்னர், தந்தைக்கு நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார். 2017 டிசம்பரில், குழந்தை பெற்று நான்கு மாதங்களில், மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இறந்தார். வயது 27. ஒரு மரணத்தை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. அப்படிச் செய்யவும் கூடாது. ஆனால் மேலே சொன்ன புள்ளிவிவரங்களில் ஒவ்வொரு எண்ணும் இப்படி ஒரு பெண் என்பதை மறந்துவிடவும் முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு மரபணு. கறுப்பினத்தவரின் உடலே இரத்த அழுத்தத்துக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது என்றால் சமூகத்தைக் குறைசொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இதைச் சோதிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. மரபணு காரணம் என்றால், அடிமைக் கப்பல்களில் பிடித்து வரப்பட்டவர்களின் மூதாதை நிலமான மேற்கு ஆப்பிரிக்காவிலும் அந்த நோய் இருக்க வேண்டும். ரிச்சர்ட் கூப்பர், சார்லஸ் ரொட்டிமி ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதத்தினருக்கும், கரீபியத் தீவுகளில் 26 சதவீதத்தினருக்கும், அமெரிக்காவில் 33 சதவீதத்தினருக்கும் உயர் இரத்த அழுத்தம் இருந்தது. மூதாதையர் ஏறத்தாழ ஒன்றே, நாடு மாற மாற நோய் மாறுகிறது. அதே ஆண்டில் சிகாகோவின் குழந்தை மருத்துவர்கள் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் இருவரும் இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு மூன்று பிரிவினரை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089 கிராம். ஆப்பிரிக்கப் பெண்கள் வெள்ளையினப் பெண்களுக்கு நெருக்கமாக நிற்கிறார்கள், தங்கள் நிறத்தையே உடைய அமெரிக்கப் பெண்களிடமிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறார்கள். நோய் தோலின் நிறத்தில் இருந்திருந்தால் இந்த வரிசை வந்திருக்காது.

இதற்கும் ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. கடல் கடந்து குடியேறுபவர்கள் பொதுவாகவே தங்கள் நாட்டின் ஆரோக்கியமான, படித்த பகுதியினர். அதனால் அவர்களின் குழந்தைகள் நல்ல எடையோடு பிறப்பதில் வியப்பில்லை என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். அதே ஆய்வாளர்கள் 2002-ல் அடுத்த தலைமுறையைப் பின்தொடர்ந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையினப் பெண்களின் மகள்கள் அமெரிக்காவில் பெற்ற குழந்தைகளின் எடை முந்தைய தலைமுறையைவிடக் கூடியது. குடியேறியோருக்கு வசதி பெருகப் பெருக இதுதானே நடக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த பெண்களின் மகள்கள் பெற்ற குழந்தைகளின் எடை மட்டும் குறைந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறுவதில்லை. அந்த மகள்கள் அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமிகளாக வளர்ந்தார்கள், அவர்களின் தாய்மார் அப்படி வளரவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக வலிமையான சான்று இதுதான். இதை மரபணுவால் விளக்க யாரும் இதுவரை திருப்தியாக ஒரு வழி காட்டவில்லை.

இரண்டாவது மறுப்பு, பழக்கவழக்கம். கறுப்பினப் பெண்களிடையே உடல் பருமன் அதிகம், அதனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதிகம், அவர்கள் உணவையும் உடற்பயிற்சியையும் கவனித்தால் போதும் என்பது. பருமன் அதிகம் என்பது உண்மை. ஆனால் பழக்கம்தான் எல்லாம் என்றால் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழந்தையின் எடையைக் குறைப்பதில் புகையிலைக்குப் பெரும் பங்கு உண்டு. கர்ப்ப காலத்தில் புகைப்பவர்கள் 2016-ல் வெள்ளையினப் பெண்களில் பத்துக்கு ஒருவருக்கும் மேல். கறுப்பினப் பெண்களில் 6 சதவீதம். அப்படியிருந்தும் எடை குறைந்த குழந்தைகள் கறுப்பினத் தாய்மாருக்கே அதிகம் பிறக்கின்றன. பழக்கம் என்று நாம் சொல்வதும் வானத்திலிருந்து விழுவதில்லை. 1930-களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தால் குறித்து, கடனுக்கு ஆபத்தான இடம் என்று அறிவித்தது. அந்தப் பகுதிகளில் பல இன்றும் மரங்கள் குறைந்த, வெப்பம் மிகுந்த, நெடுஞ்சாலைப் புகை சூழ்ந்த இடங்களாக இருக்கின்றன. நடக்கப் பாதுகாப்பான பூங்காவும் வாங்க நல்ல காய்கறியும் இல்லாத தெருவில் வாழ்பவரைப் பார்த்து, நடக்கவில்லை, காய்கறி சாப்பிடவில்லை என்று குற்றம் சொல்வது நேர்மையான மருத்துவம் ஆகாது.

மூன்றாவது மறுப்புதான் அறிவியல் நோக்கில் கனமானது. பாகுபாட்டை அனுபவித்தேன் என்று ஒருவர் சொல்வதை வைத்துத்தானே இந்த ஆய்வுகள் நடக்கின்றன, மனம் சோர்ந்தவர் எல்லாவற்றையும் பாகுபாடாகப் பார்க்கலாமே என்பது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 1995-ல் 59,000 கறுப்பினப் பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய நீண்டகால ஆய்வு இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. நோய் வருவதற்கு முன்பே கேள்விகளைக் கேட்டுவிட்டு, பிறகு பல ஆண்டுகள் பின்தொடர்கிறார்கள். வேலையிலும், வீடு தேடும்போதும், காவல்துறையிடமும் இனப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்களுக்கு, சந்திக்காதவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 38 சதவீதம் கூடுதல் என்று 2023-ல் அவர்கள் வெளியிட்டார்கள். இதுவும் முழு நிரூபணம் ஆகாது என்று வாதாடுவோருக்கு வேறு வகைச் சான்றுகள் உள்ளன. யாரிடமும் எதையும் கேட்காமல் பிறப்புப் பதிவுகளை மட்டும் பார்த்தவை அவை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 34 சதவீதம் கூடியது. மற்ற இனப் பெண்களிடம் அப்படிக் கூடவில்லை. 2008-ல் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் இறைச்சி ஆலை ஒன்றில் குடியேற்ற அதிகாரிகள் பெரும் சோதனை நடத்திய பிறகு, அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்கத் தாய்மாருக்கு இந்த ஆபத்து 24 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களான லத்தீன் அமெரிக்கத் தாய்மாருக்கும் உயர்ந்தது. கருப்பையில் இருக்கும் குழந்தைக்கு மனச்சோர்வும் தெரியாது, அரசியலும் தெரியாது. தாய் பயந்தால் அது எடை குறைந்து பிறக்கலாம். ஆறு மாத அச்சமே இதைச் செய்யும் என்றால், ஒரு வாழ்நாள் முழுவதற்கும் என்ன செய்யும் என்று நாம் ஊகிக்கலாம்.

எல்லாவற்றையும் அழுத்தத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. மோசமான சிகிச்சைக்கும் பெரும் பங்கு உண்டு. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று நெடுங்காலம் போற்றப்பட்ட ஜே. மரியன் சிம்ஸ், 1840-களில் அலபாமாவில் அனார்க்கா, லூசி, பெட்ஸி முதலான அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் சிகிச்சை முறையைக் கண்டுபிடித்தவர். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து அவர் சிலை அகற்றப்பட்டது 2018-ல்தான். கறுப்பினத்தவருக்கு வலி குறைவு என்ற அன்றைய நம்பிக்கை சிலையோடு போய்விடவில்லை. 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் நடத்திய ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான கருத்துகளில் ஒன்றையாவது ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ், 2017-ல் மகளைப் பெற்ற மறுநாள், தன் நுரையீரலில் இரத்தக்கட்டி உருவாகிறது என்று தானே உணர்ந்து ஸ்கேன் கேட்டபோது, வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவர் விடாமல் வற்புறுத்தியதால் ஸ்கேன் எடுக்கப்பட்டது. கட்டிகள் இருந்தன. அதே ஆண்டு ஜனவரியில் ஷாலன் இர்விங் இறந்தார். நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலேயே வேலை பார்த்த, முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர். சமத்துவமின்மை எப்படி நோயாகிறது என்பதே அவருடைய ஆய்வுத் துறை. பிரசவத்துக்குப் பின் இரத்த அழுத்தம் ஏறி, உடல் வீங்கி, மீண்டும் மீண்டும் மருத்துவர்களிடம் போனார். மூன்று வாரத்தில் உயிர் போனது. வயது 36.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நியாயமான கோரிக்கைக்காகப் பலவீனமான சான்றைத் தூக்கிப் பிடிப்பது தீங்கு செய்யும். கறுப்பின மருத்துவர் கவனித்தால் கறுப்பினப் பச்சிளங்குழந்தைகளின் மரணம் பெருமளவு குறைகிறது என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மாறுபட்ட கருத்துரை வரை எட்டியது. 2024-ல் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகள் யாரிடம் போய்ச்சேர்ந்தன என்பதைக் கணக்கில் எடுத்ததும் அந்த விளைவு மறைந்துவிட்டதைக் காட்டினார்கள். அதுபோலவே, இறப்புச் சான்றிதழில் கர்ப்பத்தைக் குறிக்கும் கட்டம் சேர்க்கப்பட்டதால் அமெரிக்காவின் தாய்மார் மரண எண்ணிக்கை ஊதிப்பெருத்தது என்ற விமர்சனத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை நம்பாமல், மரணத்தின் காரணத்தை மட்டும் பார்த்து எண்ணிய ஆய்விலும் கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காகவே இருந்தது. 2023-ஆம் ஆண்டு அரசுக் கணக்கில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர், கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள். எண்ணும் முறையை மாற்றினால் மொத்தம் மாறுகிறது, இடைவெளி மாறவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? அழுத்தம்தான் காரணம் என்றதும் பலரும் முன்வைக்கும் யோசனை, அந்தப் பெண்களுக்கு யோகாவும் தியானமும் மனநல ஆலோசனையும் கற்றுத்தருவது. இவற்றால் ஆறுதல் கிடைக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் இதையே மருந்தாகக் கொடுப்பது, எல்லாவற்றையும் தாங்கிக்கொள் என்ற பழைய கட்டளையை மென்மையான குரலில் திரும்பச் சொல்வதுதான். தாங்கிக்கொண்டதால் வந்த நோய்க்கு இன்னும் தாங்கிக்கொள்வது மருந்தாகாது. மருந்து வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கு வரலாறே சாட்சி. 1964-ன் குடிமை உரிமைச் சட்டமும், இனம் பிரிக்கும் மருத்துவமனைக்கு அரசுக் காப்பீட்டுப் பணம் இல்லை என்று 1966-ல் வந்த கண்டிப்பும் சேர்ந்து தென்மாநில மருத்துவமனைகளின் கதவைத் திறந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மிசிசிப்பியின் கறுப்பினக் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் இறப்பது வேகமாகக் குறைந்தது. யாருடைய மரபணுவும் மாறவில்லை, யாரும் தியானம் கற்கவில்லை, சட்டம் மாறியது. நம் காலத்திலும் உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் 2006-ல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு, பிரசவ இரத்தப்போக்குக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எல்லா மருத்துவமனைகளும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றும்படி செய்தது. கசியும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் எடைபோட்டு அளக்க வைத்தது. அந்த மாநிலத்தில் தாய்மார் மரணம் 2013-க்குள் பாதிக்கும் மேல் குறைந்தது. இன இடைவெளி முழுதும் மூடவில்லை; ஆனால் இரத்தப்போக்கால் வரும் கடும் பாதிப்புகளில் சுருங்கியது. அளவையும் நெறிமுறையையும் வைத்து முடிவெடுத்தால், மருத்துவரின் மனத்தில் இருக்கும் முன்முடிவுக்கு இடம் குறைகிறது.

சட்டம் செய்ய வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. கறுப்பினப் பெண்களின் பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் செலவை ஏற்பது மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடு. முன்பு அது பிரசவத்துக்குப் பின் 60 நாளில் நின்றுவிடும். கர்ப்பம் தொடர்பான மரணங்களில் பாதிக்கும் மேல் பிரசவமாகி ஒரு வாரத்துக்குப் பின், ஓராண்டுக்குள் நடக்கின்றன. 2021-ல் வந்த சட்டத்தின்கீழ்தான் மாநிலங்கள் அந்தக் காப்பீட்டை ஓராண்டுக்கு நீட்டிக்கத் தொடங்கின. மிகப் பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்துவிட்டன. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக வாழ்ந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், செனட்டராக இருந்தபோது 2020-ல், லாரன் அண்டர்வுட், ஆல்மா ஆடம்ஸ் ஆகிய பிரதிநிதிகளோடு சேர்ந்து கறுப்பினத் தாய்மாரின் நலனுக்கான மசோதாத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுவசதி, சத்துணவு, போக்குவரத்து, பேறுகாலத் துணைப்பெண்கள், மருத்துவப் பணியாளர் பயிற்சி என எல்லாவற்றையும் இணைத்த தொகுப்பு அது. நோய் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே மருந்தைக் கொண்டுபோன முயற்சி என்பதால் அது எனக்குச் சரியான பாதையாகப் படுகிறது. அதில் முன்னாள் படைவீராங்கனைகளுக்கான ஒரு மசோதா மட்டும் 2021 நவம்பரில் சட்டமானது.

கர்ப்பம் தொடர்பான மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று 2022-ல் நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் வேலை செய்யும் தமிழர்கள் ஏராளம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பயிற்சியில் இருக்கிறார்கள். சட்டம் அவர்கள் கையில் இல்லை. இரவுப் பணியில் எந்த நோயாளியின் சொல்லை நம்புவது என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. பிரசவமாகிச் சில நாளான கறுப்பினப் பெண் ஒருவர் வந்து, தலை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று சொன்னால், களைப்பு என்று அனுப்பிவிடாதீர்கள். இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள், அதிகமாக இருந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே சிகிச்சையைத் தொடங்குங்கள்.